35,000 ரூபாய்க்குள் விஆர் ஹெட்செட்: 71 வயது அப்பாவுக்கும் ஏழாவது படிக்கும் பையனுக்கும் ஒன்றே போதுமா?

கேள்வியை ஒருமுறை சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், பின்னால் வந்து படிப்பவர்களுக்கும் உதவும். உங்கள் வீடு மன்னார்குடிப் பக்கம். அப்பாவுக்கு 71 வயது. முழங்கால் அறுவை சிகிச்சைக்குப் பிறகு நெடும்பயணம் முடியவில்லை, ஆனால் காசியையும் இமயமலையையும் பார்க்கும் ஆசை விடவில்லை. ஏழாவது படிக்கும் பையன் விளையாடக் கேட்கிறான். விஆர் ஹெட்செட், அதாவது தலையில் மாட்டிக்கொண்டால் சுற்றிலும் காட்சி தெரியும் கருவி, வாங்கக் கையில் 35,000 ரூபாய் இருக்கிறது. நான்கு வழிகளை எழுதியிருக்கிறீர்கள்: புதிய மெட்டா குவெஸ்ட் 3எஸ், செகண்ட் ஹேண்ட் குவெஸ்ட் 2, சிங்கப்பூரிலிருந்து சித்தப்பா கொண்டுவரத் தயாராக இருக்கும் பிக்கோ 4, போனைச் சொருகிக்கொள்ளும் 1,500 ரூபாய்ப் பெட்டி. எது பெஸ்ட் என்று கேட்டிருக்கிறீர்கள். உங்கள் வீட்டு நிலவரத்தைப் படித்த பிறகு, ஒரே கருவி அந்த இரண்டு ஜோடிக் கண்களுக்கும் பொருந்துமா என்பதுதான் உங்கள் கேள்வி என்று எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறேன்.

நான் தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் ஆய்வகம் பார்த்துக்கொள்கிறவன். 2018இல் வந்த ஆக்குலஸ் கோ என்ற ஹெட்செட் காலத்திலிருந்து இந்தக் கருவிகளை மாணவர்கள், அவர்களுடைய பெற்றோர், வருகிற விருந்தினர் என்று பலருடைய தலையில் மாட்டிவிட்டு, அவர்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கண் மருத்துவம் படித்தவன் இல்லை. அதனால் கண், காது, தலைச்சுற்றல் பற்றிச் சொல்லும் இடங்களில் உங்கள் டாக்டரின் வார்த்தைதான் மேல்.

முதலில் 1,500 ரூபாய்ப் பெட்டியை ஒதுக்கிவிடலாம். ஜியோடைவ் என்ற பெட்டி 2023இல் 1,299 ரூபாய்க்கு வந்ததிலிருந்து இந்த வகை நம் ஊர்களில் நன்றாகத் தெரிந்துவிட்டது. இவை தலை திரும்புவதை மட்டும் அறியும். நீங்கள் முன்னால் சாய்ந்தாலோ ஓரடி நகர்ந்தாலோ காட்சி அப்படியே நிற்கும். அந்த இடத்தில்தான் வயிற்றைப் பிரட்ட ஆரம்பிக்கும். போனில் ஜைரோஸ்கோப் (திரும்புவதை அளக்கும் சென்சார்) இல்லையென்றால் தலை திரும்புவதுகூட ஒழுங்காகத் தெரியாது, விலை குறைந்த பல போன்களில் அது இருப்பதில்லை. பதினைந்து நிமிடத்தில் போன் சூடாகிவிடும். இணையத்தில் சில பெட்டிகளை 'ஆல் இன் ஒன்' என்று போட்டு விற்கிறார்கள். போன் வைக்க ஒரு இடம் இருந்தால் அது தனியாக இயங்கும் ஸ்டாண்ட்அலோன் கருவி இல்லை, அவ்வளவுதான்.

மீதி மூன்றுக்கு வருவோம். குவெஸ்ட் 2 வந்தது 2020 அக்டோபரில், விற்பனை 2024இல் நின்றது. குவெஸ்ட் 3எஸ் வந்தது 2024 அக்டோபரில், அமெரிக்காவில் 128 ஜிபி மாடலுக்கு 299 டாலர் என்று விலை வைத்தார்கள். இங்கே வரியெல்லாம் சேர்ந்து கூடும், விற்பவருக்கு விற்பவர் மாறும். அதனால் வாங்கப்போகும் அன்றைய விலையைப் பாருங்கள். பலருக்குத் தெரியாத ஒரு விஷயம், இந்த இரண்டின் திரை அளவும் ஒன்றேதான்: ஒரு கண்ணுக்கு 1832க்கு 1920 புள்ளிகள். இரண்டிலும் இருப்பது ஃப்ரெனெல் லென்ஸ், வட்ட வட்டமாக வரிகள் வெட்டிய வகை. கறுப்புப் பின்னணியில் வெள்ளை எழுத்து வந்தால் அந்த வரிகளில் ஒளி பட்டு, எழுத்திலிருந்து கதிர் நீள்வது போலத் தெரியும். அப்பா உட்கார்ந்து வீடியோ பார்க்க மட்டும் என்றால், நல்ல நிலையில் உள்ள குவெஸ்ட் 2 காட்டுவதும் 3எஸ் காட்டுவதும் கிட்டத்தட்ட ஒரே படம்தான். விற்பவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள்.

அப்படியிருந்தும் 3எஸ் பக்கம் நான் சாய்வதற்கு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, உள்ளே இருக்கும் சிப். 3எஸ்ஸில் ஸ்னாப்டிராகன் எக்ஸ்ஆர்2 ஜென் 2, 8 ஜிபி ராம். குவெஸ்ட் 2இல் முந்தைய தலைமுறைச் சிப், 6 ஜிபி. புதிதாக வரும் பெரிய விளையாட்டுகள் சில குவெஸ்ட் 2இல் ஓடாது என்று சொல்லியே வெளியாகின்றன. இன்று ஏழாவது படிக்கும் பையன் பத்தாவது வரைக்கும் இதை வைத்துக்கொள்ள வேண்டுமானால் இது முக்கியம்.

இரண்டாவது காரணம் அப்பாவுக்கானது. ஹெட்செட்டைக் கழற்றாமலே கேமரா வழியாக வெளியே பார்க்கும் வசதி குவெஸ்ட் 2இல் கறுப்பு வெள்ளையில், மண்ணாகத் தெரியும். 3எஸ்ஸில் அது வண்ணத்தில் தெரியும், அதற்கென்றே கீழே ஒரு பொத்தான் இருக்கிறது. வயதானவர்களுக்கு இதன் அருமை வேறு. திருக்காட்டுப்பள்ளியில் இருக்கும் என் அத்தைக்கு முதல்முறை பழைய கருவியை மாட்டியபோது, ஐந்து நிமிடத்தில் இரண்டு கையாலும் நாற்காலிக் கையைப் பிடித்துக்கொண்டார். "யாருடா இருக்கீங்க பக்கத்துல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். படம் பிடிக்காமல் இல்லை. சுற்றி வீடு இருக்கிறதா என்று தெரியாத கலக்கம் அது. அடுத்த முறை 3எஸ்ஸில் அந்தப் பொத்தானை அவர் விரலை வைத்தே அழுத்திக் காட்டினேன். வீடு தெரிந்தது, நான் தெரிந்தேன், ஸ்டூலில் இருந்த காபி டம்ளர் தெரிந்தது. அதற்கப்புறம் இருபது நிமிடம் நிம்மதியாகப் பார்த்தார்.

பிக்கோ 4 நல்ல கருவி, அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. 2022இல் வந்தது. ஒரு கண்ணுக்கு 2160க்கு 2160 புள்ளிகள், மெல்லிய பான்கேக் லென்ஸ், ஓரம் வரைக்கும் படம் துலக்கமாக இருக்கும். காகிதத்தில் வைத்துப் பார்த்தால் 3எஸ்ஸை விட மேல். ஆனால் உங்கள் வீட்டுக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். அதன் பேட்டரி தலைக்குப் பின்னால், கெட்டியான ஒரு கட்டையாக உட்கார்ந்திருக்கும். நின்று விளையாடுபவருக்கு எடை முன்பின் சமமாகும். உங்கள் அப்பா ஈஸிசேரில் சாய்ந்து பார்க்கப்போகிறவர், பின்னந்தலையில் அது குத்தும். அடுத்தது, அதன் லென்ஸ் இடைவெளி 62 மில்லிமீட்டரிலிருந்துதான் தொடங்குகிறது, இதைப் பற்றிக் கொஞ்சம் கீழே விரிவாகச் சொல்கிறேன். மெட்டாவின் குவெஸ்ட் கருவிகளுக்கென்றே செய்த விளையாட்டுகள் இதில் வராது. பழுதானால் திரும்பவும் சித்தப்பா ஊருக்கு வரும்வரை காத்திருக்க வேண்டும்.

வெளிநாட்டிலிருந்து கொண்டுவருவது பற்றிப் பொதுவாகவே ஒன்று சொல்ல வேண்டும். நம் பக்கம் வீட்டுக்கு ஒருவர் சிங்கப்பூரிலோ துபாயிலோ இருப்பதால் திருச்சி விமான நிலையம் வழியாக வாங்கிவரச் சொல்வது பழக்கமாகிவிட்டது. சார்ஜர் கவலை வேண்டாம், டைப்-சி தான், வீட்டுச் சார்ஜரே போதும். கவலைப்பட வேண்டியது வாரண்டி. அது பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். நானே ஒருமுறை இணையத்தில் ஒரு விற்பனையாளரிடம் கொஞ்சம் மலிவாகக் கிடைக்கிறது என்று வாங்கி, நான்காம் மாதம் கையில் பிடிக்கும் கன்ட்ரோலர் ஒன்று பழுதான பிறகுதான் அது வெளிநாட்டுச் சரக்கு, இங்கே மாற்றித் தர முடியாது என்று தெரிந்துகொண்டேன். ஜிஎஸ்டி பில்லில் கருவியின் சீரியல் எண்ணோடு எழுதித் தருவார்களா, இந்தியாவில் வாரண்டி யார் பார்ப்பார்கள் என்று பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் கேட்டு வாங்குங்கள். சித்தப்பா கொண்டுவந்தால் சுங்க வரம்பை அவர் புறப்படும் முன் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

இப்போது, விலையைவிட முக்கியம் என்று நான் நினைக்கும் விஷயம். இரண்டு கண்மணிகளுக்கும் நடுவில் உள்ள தூரம். கண்ணாடிக் கடையில் இதை பி.டி. என்பார்கள். பெரியவர்களுக்குச் சராசரி 63 மில்லிமீட்டர் பக்கம் இருக்கும், பெண்களுக்கும் சிறுவர்களுக்கும் பொதுவாகக் குறைவு. லென்ஸின் நடு உங்கள் கண்மணிக்கு நேரே வந்தால்தான் படம் துலங்கும். ஃப்ரெனெல் லென்ஸில் அந்தத் துலங்கும் இடம் சிறியது, இரண்டு மூன்று மில்லிமீட்டர் தள்ளினாலே கண்ணைக் கசக்கிக்கொண்டு பார்க்க வேண்டியதாகிவிடும். 3எஸ்ஸில் லென்ஸை விரலால் பிடித்து நகர்த்தி 58, 63, 68 என்ற மூன்று நிலைகளில் மட்டுமே வைக்க முடியும். 61க்குக் கீழே உள்ளவர்களுக்கு முதல் நிலை, 61இலிருந்து 66 வரை நடு நிலை, அதற்கு மேல் மூன்றாவது. உங்கள் பையனுக்கு 12 வயது என்றால் 58 நிலையில்தான் வைக்க வேண்டியிருக்கும், பிக்கோவின் 62 அவனுக்கு அகலம். அப்பாவும் பையனும் மாற்றி மாற்றிப் பயன்படுத்தும்போது ஒவ்வொரு முறையும் லென்ஸை நகர்த்த மறந்துவிடாதீர்கள். "தலை வலிக்குது, இது ஆகாது" என்று கழற்றி வைத்த பலருக்கு, லென்ஸை ஒரு நிலை மாற்றியதும் வலி நின்றதைப் பார்த்திருக்கிறேன். எல்லாத் தலைவலிக்கும் இதுதான் காரணம் என்று சொல்லவில்லை, முதலில் பார்க்க வேண்டியது இது.

அப்பாவுக்குக் கண்புரை அறுவை நடந்திருந்தாலோ, பி.டி. அந்த மூன்று நிலைகளுக்கு நடுவில் விழுந்தாலோ, பட்ஜெட்டை நீட்டி குவெஸ்ட் 3 பார்க்கலாம். 2023 அக்டோபரில் வந்தது, பான்கேக் லென்ஸ், ஒரு கண்ணுக்கு 2064க்கு 2208 புள்ளிகள், இடைவெளியை 58இலிருந்து 71 வரை சக்கரத்தைத் திருகி எந்த எண்ணிலும் நிறுத்தலாம். கண்ணாடி போட்டுக்கொண்டு பார்ப்பவர்களுக்கும் இது கூடுதல் வசதி. சிப் 3எஸ்ஸில் உள்ளதேதான், ஆகவே பையனுடைய விளையாட்டில் வித்தியாசம் பெரிதாக இருக்காது. வித்தியாசம் முழுக்கக் கண்ணுக்குத்தான். நல்ல கண் உள்ளவர்களுக்கு அந்தக் கூடுதல் பணம் அவசியமில்லை என்பது என் கருத்து, இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்களும் உண்டு.

காசி வீடியோவைப் போட்டதும் "என்ன இவ்வளவு மங்கலா இருக்கு" என்று அப்பா கேட்பார். கருவி மோசம் என்று நினைத்துவிடாதீர்கள், கணக்கைப் பாருங்கள். 360 டிகிரி வீடியோ உங்களைச் சுற்றியுள்ள முழு வட்டத்துக்கும் பரவுகிறது. 4கே வீடியோ என்றால் குறுக்கே 3840 புள்ளிகள், அதை 360ஆல் வகுத்தால் ஒரு டிகிரிக்கு 10, 11 புள்ளிதான் கிடைக்கும். 3எஸ் திரையோ ஒரு டிகிரிக்கு ஏறக்குறைய 20 புள்ளி காட்டக்கூடியது. ஆகவே 8கே வீடியோ போட்டால்தான் திரையின் முழுத் திறமையும் தெரியும். 8கேவை நேரடியாக ஓட்ட வேகமான இணைப்பு வேண்டும், மொபைல் ஹாட்ஸ்பாட்டில் சுற்றிக்கொண்டே இருக்கும். ஃபைபர் இணைப்பு இருந்தால் நல்லது. சொந்தக் கோப்பாக இருந்தால் இரவே கருவியில் ஏற்றி வைத்துவிடுங்கள். இன்னொன்று, 180 டிகிரி வீடியோ என்று தேடுங்கள். அதே அளவு புள்ளிகள் பாதி வட்டத்துக்குள் அடைவதால் துலக்கம் கூடும், அப்பா கழுத்தைப் பின்னால் திருப்பவும் வேண்டியதில்லை.

தலைச்சுற்றல் பற்றி உறுதியாகச் சொல்லக்கூடியது: கண் நகர்கிறது என்கிறது, உள்காது நகரவில்லை என்கிறது, அந்த முரண்தான் குமட்டல். அதனால் ஓடும் படகிலிருந்தும் காரிலிருந்தும் எடுத்த வீடியோவை முதல் வாரம் போடவே போடாதீர்கள். கங்கை ஆரத்தியை முக்காலியில் கேமராவை நிறுத்தி எடுத்த வீடியோக்கள் இருக்கின்றன, அதில் தொடங்குங்கள். முதல் நாள் ஐந்து நிமிடம், சாப்பிட்ட உடனே வேண்டாம். நெற்றியில் வேர்வை அரும்பினால் உடனே கழற்றிவிடுங்கள், சமாளித்துக்கொள்ளலாம் என்று உட்கார்ந்தால் அன்று முழுவதும் படுக்கைதான். முடிந்ததும் உடனே எழுந்து நடக்க விடாதீர்கள், முழங்கால் அறுவை செய்தவர் தடுமாறக் கூடாது. பேஸ்மேக்கர் போன்ற கருவி உடம்பில் இருந்தாலோ, வலிப்பு, தலைசுற்று நோய் இருந்தாலோ டாக்டரைக் கேட்காமல் மாட்டவே வேண்டாம். உறுதியில்லாத பகுதி குழந்தைகளின் கண். வருடக்கணக்கில் பயன்படுத்தினால் வளரும் கண்ணுக்கு என்ன ஆகும் என்பதற்கு இன்னும் முடிந்த முடிவு இல்லை. மெட்டா 2023இல் வயது வரம்பை 13இலிருந்து 10ஆகக் குறைத்தது, 10 முதல் 12 வரை பெற்றோர் கணக்கின் கீழ்தான் பயன்படுத்த முடியும். என் வீட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளைக்கு இருபது நிமிடம் என்று வைத்திருக்கிறேன், அது என் ஜாக்கிரதை. அந்நியர்களோடு பேச வைக்கும் ஆன்லைன் அறைகளைப் பெற்றோர் அமைப்பில் மூடிவிடுங்கள். பையன் பார்ப்பதை உங்கள் போனில் காட்டும் வசதி இருக்கிறது, முதல் மாதம் அதைப் போட்டே வையுங்கள்.

நம் வீடுகளுக்கென்று சில விஷயங்கள் பெட்டியில் எழுதியிருக்காது. முதல் எதிரி வெயில். லென்ஸ் பூதக்கண்ணாடி மாதிரிதான், சூரியனைக் குவித்துத் திரையைப் பொசுக்கிவிடும். எங்கள் ஆய்வகத்தில் ஒரு மாணவர் ஜன்னலோர மேசையில் லென்ஸ் மேலே பார்க்க வைத்துவிட்டுச் சாப்பிடப் போனார். திரும்பி வந்தபோது இரண்டு திரையிலும் அரிசியளவு மஞ்சள் புள்ளி. அது போகவே போகாது. முற்றம் வைத்த வீடு, திண்ணை, மாடி எல்லாவற்றிலும் இதை நினைவில் வையுங்கள். செகண்ட் ஹேண்ட் வாங்கினால் முழு வெள்ளைப் படம் ஒன்றைப் போட்டு இந்தப் புள்ளி இருக்கிறதா என்றுதான் முதலில் பார்க்க வேண்டும். கூடவே பழைய உரிமையாளர் தன் கணக்கை நீக்கிவிட்டாரா, கன்ட்ரோலர் குச்சி தானாக ஒரு பக்கம் இழுக்கிறதா, முழுச் சார்ஜில் இரண்டு மணி நேரமாவது நிற்கிறதா என்றும் பாருங்கள். 2019இல் வந்த முதல் குவெஸ்ட் யாராவது ஐயாயிரத்துக்குக் கொடுத்தாலும் வேண்டாம், அதற்கு இனி அப்டேட் வராது.

அடுத்து, திருநீறு. அப்பா பட்டையாகப் பூசும் பழக்கம் உள்ளவராக இருந்தால் பார்ப்பதற்கு முன் நெற்றியை ஒருமுறை துடைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். பொடி உதிர்ந்து லென்ஸில் விழும். அதைத் துண்டால் அழுத்தித் துடைத்தால் பிளாஸ்டிக் லென்ஸில் கோடு விழும், பிறகு வெளிச்சமான எந்தக் காட்சியிலும் அந்தக் கோடு கண் முன்னால் நிற்கும். ஊதிவிட்டு, கண்ணாடி துடைக்கும் மைக்ரோஃபைபர் துணியால் மெல்ல, தண்ணீரோ ஸ்பிரிட்டோ இல்லாமல் துடையுங்கள். தலை எண்ணெய் முகத்துப் பஞ்சில் ஏறும், கழுவக்கூடிய உறை வாங்கிவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் லென்ஸில் ஆவி படியும், மாட்டுவதற்கு முன் இரண்டு நிமிடம் கருவியை ஓடவிட்டால் சூட்டில் விலகிவிடும்.

பையன் விளையாட இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர் காலியிடம் வேண்டும். ஆனால் தரையைப் பார்த்துவிட்டு மேலே பார்க்க மறந்துவிடுகிறோம். தாழ்ந்த கூரையில் மின்விசிறி ஓடும்போது கையைத் தூக்கினால் கருவியும் போகும், விரலும் போகும். ஊஞ்சல் சங்கிலி, உத்தரம், பீரோக் கண்ணாடி எல்லாவற்றையும் தள்ளி ஒரு மூலையைத் தேர்ந்தெடுங்கள். கருவி தன் இடத்தைக் கேமராவால்தான் அறிகிறது. வெறும் வெள்ளைச் சுவரும் இருட்டும் அதற்கு ஆகாது, சுவரில் இரண்டு காலண்டர் மாட்டினாலே நிதானமாகிவிடும். பேட்டரி 3எஸ்ஸுக்குச் சராசரி இரண்டரை மணி நேரம். கரண்ட் போகும் நாளில் அப்பா பவர் பேங்கை மடியில் வைத்துக்கொண்டே பார்க்கலாம்.

ஆகவே என் பதில்: இந்திய வாரண்டியோடு கிடைத்தால் குவெஸ்ட் 3எஸ் 128 ஜிபி. தொகை எட்டவில்லை, பையனின் விளையாட்டு அவசரமில்லை, அப்பாவின் வீடியோதான் முதல் என்றால், நேரில் பார்த்துச் சோதித்த குவெஸ்ட் 2. எதுவானாலும் யாரிடமாவது இரவல் வாங்கியாவது அப்பா தலையில் பத்து நிமிடம் மாட்டிப் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். 3எஸ் 514 கிராம், அது முகத்தில் எப்படி உட்கார்கிறது என்று அவர்தான் சொல்ல முடியும்.

இன்னொன்று சொல்லத் தோன்றுகிறது. முதல் நாளே காசியைக் காட்டாதீர்கள், அவருக்குத் தெரிந்த இடத்தைக் காட்டுங்கள். போன ஆடிப்பெருக்கன்று திருவையாறு புஷ்ய மண்டபப் படித்துறையில் இரவல் 360 கேமரா ஒன்றை முக்காலியில் நிறுத்திப் பத்து நிமிடம் எடுத்தேன். அத்தைக்கு அதைப் போட்டேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு வலது பக்கம் திரும்பி, கீழே குனிந்து, "இந்தப் படியிலதான் வழுக்கி விழுந்தேன், உங்க மாமா தூக்கி விட்டார்" என்றார். தெரிந்த இடம் என்றால் கலக்கம் வருவதில்லை, எது எங்கே இருக்கும் என்று மனசுக்கே தெரிகிறது. உங்கள் அப்பாவுக்கு ராஜகோபாலசுவாமி கோயில் வெளியோ அரித்ராநதித் தெப்பக்குளக் கரையோ அப்படி ஒரு இடமாக இருக்கலாம்.

அப்பா, பையன் இருவருடைய பி.டி. எண்ணையும் கண்ணாடிக் கடையில் அளந்து வாங்கி இங்கேயே எழுதுங்கள். அப்பாவுக்குப் புரை அறுவை நடந்ததா என்பதையும் சேர்த்து எழுதினால், 3எஸ் போதுமா குவெஸ்ட் 3 வரை போக வேண்டுமா என்று சொல்கிறேன்.